மெனுவைக் கட்டும் சின்னக் கோப்புகள்

2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வெளியானபோது, 17 ஆண்டுகளாகத் திரையின் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் காணாமல் போயிருந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95-உடன் வந்த அந்தப் பொத்தானை அழுத்தித்தான் கோடிக்கணக்கானோர் கணினியையே பழகியிருந்தார்கள். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அடுத்த ஆண்டு வந்த 8.1 பதிப்பில் பொத்தான் மட்டும் திரும்பியது. அழுத்தினால் விரியும் பழைய பாணி மெனுவுக்கு, 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வரும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

லினக்ஸ் உலகத்தில் இதே கதை ஓர் ஆண்டு முன்னதாகவே நடந்துவிட்டது. 2011 ஏப்ரலில் வெளியான க்னோம் 3 டெஸ்க்டாப், வகைவகையாக விரியும் மெனுவை எடுத்துவிட்டு முழுத்திரையில் தேடும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் இங்கே பயனர்கள் யாருடைய முடிவுக்காகவும் காத்திருக்கவில்லை. சிலர் க்னோம் 2-இன் மூலநிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழு சினமன் டெஸ்க்டாப்பை உருவாக்கியது. இன்னும் பலர் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பின் பக்கம் போனார்கள். லினக்ஸ் கருநிரலை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த ஆண்டு எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறிவிட்டதாகப் பொதுவெளியில் அறிவித்தார்.

ஒரு மெனுவுக்காக இவ்வளவா என்று தோன்றலாம். கணினியில் என்னென்ன இருக்கின்றன, எது எங்கே கிடைக்கும் என்று பயனருக்குக் காட்டும் இடம் மெனுதான். கை பழகிய இடத்தில் பழகிய பொருள் இல்லையென்றால் வேலை ஓடாது. அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது அதனால் சின்னக் கேள்வியில்லை. லினக்ஸில் அந்த உரிமை கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கத் தெரிந்தால் போதும். வருத்தம் என்னவென்றால், லினக்ஸ் பயன்படுத்துபவர்களிலேயே நிறைய பேர் இதை முயன்று பார்ப்பதில்லை.

இப்போது இது முன்னைவிட அதிகம் பேருக்குத் தேவைப்படுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், ஓரளவு புதிய பிராசஸரும் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ பழைய கணினிகள் இந்த நிபந்தனையில் அடிபட்டுப் போகின்றன. அவற்றில் ஒரு பகுதி எடை குறைந்த லினக்ஸ் டெஸ்க்டாப்களின் பக்கம் வருகிறது. எக்ஸ்எஃப்சிஇ அந்த வகையில் மூத்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே ஃபூர்தான் 1996-இல் தொடங்கியது. தைவானின் ஹாங் ஜென் யீ 2006-இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ இன்னொன்று. ஸுபுண்டு, எம்எக்ஸ் லினக்ஸ், மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று எந்த லினக்ஸ் விநியோகத்தை நிறுவினாலும், முதல் நாள் மெனுவைத் திறந்தால் தெரிவது வேறு யாரோ தேர்ந்தெடுத்து அடுக்கிய பட்டியல்தான்.

அந்தப் பட்டியலில் தேவையற்றவை கணிசமாக இருக்கும். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்ற உதவும் 'பல்க் ரீநேம்' எக்ஸ்எஃப்சிஇ மெனுவில் தனியாக நிற்கும். வீட்டில் கடிதம் தட்டச்சு செய்பவருக்கு அது ஆயுளுக்கும் தேவைப்படாது. உள் நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேடும் அவாஹி என்ற சேவை, சில விநியோகங்களில் மூன்று தனித்தனி உலாவிகளோடு மெனுவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரவுசர் என்ற பெயரைப் பார்த்து இணையம் திறக்கும் என்று நம்பி அழுத்தினால், வெற்றுச் சன்னல் ஒன்று வரும். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர் மிரண்டுபோக இது போதும்.

இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் மாற்றுவது எளிது. 1990-களில் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஒவ்வொரு சன்னல் மேலாளருக்கும் ஒவ்வொரு மெனுக் கோப்பு இருந்தது. ஒன்றின் எழுத்துமுறை மற்றதற்குப் புரியாது. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவினால் அது தானாக எந்த மெனுவிலும் தோன்றாது. பயனரே போய் எழுதிச் சேர்க்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத் திட்டம் இதற்குத் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு மென்பொருளும் ஒரே பாணியில் ஒரு குறிப்பைக் கொடுக்கும், அதை ஒரு நிரல் எல்லா மேலாளர்களின் மொழிக்கும் மாற்றித் தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டெபியனுக்கு வெளியே அது பரவவில்லை.

2000-இல் ரெட் ஹேட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹேவாக் பென்னிங்டன், ஃப்ரீடெஸ்க்டாப் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார். க்னோம், கேடிஇ, மற்ற டெஸ்க்டாப்கள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து பொது விதிகளை வகுத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. அங்கே பிறந்த விதிகளில் இரண்டு மெனுவைப் பற்றியவை. ஒரு மென்பொருள் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. அந்த அறிமுகங்களைச் சேர்த்து மெனுவை எப்படி அடுக்க வேண்டும் என்பது மற்றது. 2015-இல் டெபியனின் தொழில்நுட்பக் குழுவும் தன் பழைய முறையைக் கைவிட்டு இந்தப் பொது விதிக்கு வழிவிடத் தீர்மானித்தது. போட்டியிடும் டெஸ்க்டாப்கள் இப்படி ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது லினக்ஸ் வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல. இதன் பலன் பெரியது. க்னோமுக்காக எழுதிய மென்பொருளை எக்ஸ்எஃப்சிஇ-யில் நிறுவினாலும், சரியான தலைப்பின் கீழ் தானாகவே போய் அமர்கிறது.

மெனு என்ற பட்டியல் எங்கும் முழுதாக எழுதி வைக்கப்படவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் நிறுவப்படும்போது தன்னைப் பற்றிய ஒரு சின்னக் கோப்பை ஒரு பொது ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போகிறது. அதன் பெயர் டாட் டெஸ்க்டாப் என்று முடியும். நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுதி இழுப்பறையில் அடுக்கியிருப்பார்களே, அது போன்ற அட்டை இது. அட்டையைத் திருத்தினாலும் எடுத்து ஒளித்தாலும் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. மெனுவைத் தயாரிக்கும் நிரல், எக்ஸ்எஃப்சிஇ-யில் அதன் பெயர் கார்சோன், எல்லா அட்டைகளையும் படித்துப் பட்டியலைக் கட்டுகிறது. ஒரு அட்டை மாறினால் அதைக் கவனித்து மெனுவையும் புதுப்பித்துவிடுகிறது.

அந்தக் கோப்பை எந்த எழுத்துத் திருத்தியிலும் திறக்கலாம். உள்ளே இருப்பது புரியாத குறியீடுகள் அல்ல. நேம் என்று தொடங்கும் வரியில் மெனுவில் தெரிய வேண்டிய பெயர். காமென்ட் என்ற வரியில் ஒரு வரி விளக்கம். ஐகான் என்பதில் படம். எக்ஸெக் என்பதில், அழுத்தினால் ஓட வேண்டிய கட்டளை. கேட்டகரீஸ் என்பதில் அது எந்த வகை என்ற குறிப்பு. அலுவலகம், வரைகலை, விளையாட்டு, கல்வி, இணையம் என்று விதியில் பட்டியலிட்ட முதன்மை வகைகளின் ஆங்கிலப் பெயர்களை இங்கே அரைப்புள்ளியிட்டு எழுத வேண்டும். வகை எழுதாத மென்பொருள், எக்ஸ்எஃப்சிஇ-யில் 'மற்றவை' என்ற கடைசித் தலைப்பின் கீழ் போய்விழும். நிறுவிய மென்பொருள் மெனுவில் இல்லை என்று தேடுபவர்கள் முதலில் அங்கே பார்ப்பது நல்லது.

இந்த ஏற்பாட்டின் உண்மையான அழகு, கோப்புகள் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. விநியோகத்தோடு வரும் அட்டைகள் யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். அதில் கைவைக்க நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் தன் ஹோம் ஃபோல்டருக்குள் இதற்கு இணையான இடம் ஒன்று உண்டு. டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ். புள்ளியில் தொடங்குவதால் அது கண்ணுக்குத் தெரியாது. துனார் கோப்பு மேலாளரில் கன்ட்ரோலையும் எச்-ஐயும் சேர்த்து அழுத்தினால் தெரியும். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் அட்டை இருந்தால், பயனரின் அட்டையே செல்லும். அமைப்பின் அட்டை அப்படியே இருக்கும், ஆனால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். பிடிக்கவில்லையென்றால் பயனர் தன் அட்டையை அழித்துவிடலாம். அடுத்த நொடி பழைய மெனு திரும்பிவிடும். எதைச் சோதித்துப் பார்த்தாலும் கணினி கெட்டுப்போகாது. புதியவர்களுக்கு இதைவிடத் தைரியம் தரும் ஏற்பாடு டெஸ்க்டாப் உலகில் அரிது.

அவாஹி உலாவிகளை ஒளிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பின் ஃபோல்டரிலிருந்து அந்த மூன்று கோப்புகளையும் பிரதி எடுத்து ஹோமில் உள்ள ஃபோல்டரில் ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் திறந்து, நோடிஸ்ப்ளே என்று எழுதி, சமக்குறி போட்டு, ட்ரூ என்று ஆங்கிலத்தில் சேர்த்துச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான், மெனுவில் அவை இருக்காது. மென்பொருள் அழிவதில்லை, டெர்மினலில் பெயரைத் தட்டினால் ஓடும்.

இதே வேலைக்கு ஹிடன் என்று இன்னொரு வரியும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம், அப்படியல்ல. நோடிஸ்ப்ளே என்பது மெனுவில் மட்டும் காட்டாதே என்று சொல்கிறது. ஒரு படம் பார்க்கும் மென்பொருளை அப்படி ஒளித்தாலும், படத்தை இரட்டைக் க்ளிக் செய்தால் அதிலேயே திறக்கும். ஹிடன் என்பதோ அப்படி ஒரு அட்டையே இல்லை என்று கணினியை நினைக்கச் சொல்கிறது. 'இதைக் கொண்டு திற' என்ற பட்டியலிலிருந்தும் அந்த மென்பொருள் போய்விடும். வீட்டுப் பெரியவர்களுக்காக மெனுவைச் சுருக்கும்போது முதல் வரிதான் சரி.

சேர்ப்பதும் இதே வழிதான். ஆப்இமேஜ் என்ற வடிவில் வரும் மென்பொருள்கள் இன்று நிறைய. ஒரே கோப்பாகத் தரவிறக்கி, இயக்கும் அனுமதி கொடுத்து, அழுத்தினால் ஓடும். நிறுவும் வேலையே இல்லாததால் அவை மெனுவில் அட்டை எதையும் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போய்த் தேட வேண்டியிருக்கிறது. ஐந்தாறு வரியில் ஓர் அட்டை எழுதி ஹோமில் வைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது. இங்கே எல்லோரும் இடறும் கல் ஒன்று உண்டு. ஹோம் ஃபோல்டரைக் குறிக்க டெர்மினலில் அலைக்குறி போட்டால் போதும். எக்ஸெக் வரியில் அது செல்லாது. அந்த வரியை டெர்மினல் ஷெல் படிப்பதில்லை, மெனு நேரடியாக இயக்குகிறது. அதனால் கோப்பின் முழுப் பாதையையும் முதல் சாய்கோட்டிலிருந்து எழுத வேண்டும். எழுதியது சரியா என்று பார்க்க, டெஸ்க்டாப் ஃபைல் வேலிடேட் என்ற சின்னக் கருவி இருக்கிறது. எந்த வரியில் பிழை என்று சொல்லிவிடும்.

மென்பொருளை மட்டுமல்லாமல் ஒரு வேலையையும் மெனுவில் வைக்கலாம். மின்கட்டணம் செலுத்தும் இணையதளத்தை நேரடியாகத் திறக்க ஓர் அட்டை. ஃபயர்ஃபாக்ஸை எப்போதும் தனிப்பட்ட சன்னலில் திறக்க ஓர் அட்டை. கணக்கு எழுதும் ஒரே ஒரு விரிதாளைத் திறக்க ஓர் அட்டை. தினமும் மூன்று நான்கு க்ளிக்கில் போய்ச் சேரும் இடத்துக்கு ஒரே க்ளிக்கில் போகலாம்.

தமிழில் கணினி பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கோப்பில் தனியாக ஒரு வசதி இருக்கிறது. நேம் என்ற சொல்லை ஒட்டி, சதுர அடைப்புக்குள் டிஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டு, சமக்குறிக்குப் பிறகு தமிழில் பெயர் எழுதலாம். கணினியின் மொழியைத் தமிழ் என்று வைத்திருப்பவருக்கு அந்தப் பெயர் தெரியும். அதே கணினியில் ஆங்கிலத்தில் நுழைபவருக்கு ஆங்கிலப் பெயர். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் லினக்ஸில் தனித்தனி வட்டார அமைப்புகள் உண்டு. முதலில் அந்த வட்டாரத்துக்கென எழுதிய வரி தேடப்படும், இல்லையென்றால் பொதுவான தமிழ் வரி, அதுவும் இல்லையென்றால் மூல வரி. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்ததால் பிரபலமான மென்பொருள்கள் பலவற்றில் தமிழ் வரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதவற்றுக்கு ஒருவர் தன் வீட்டுக் கணினியில் அரைமணி நேரத்தில் சேர்த்துவிடலாம். விளக்க வரியையும் தேடுசொற்களையும் தமிழில் எழுதி வைத்தால், மெனுவின் தேடல் பெட்டியில் தமிழில் தட்டித் தேடவும் முடியும். ஆங்கிலம் பழகாத அம்மாவோ அப்பாவோ பயன்படுத்தும் கணினியில் இது செய்யும் உதவி கொஞ்சமல்ல.

கோப்பைத் திறந்து எழுதத் தயங்குபவர்களுக்கு மெனுலிப்ரே இருக்கிறது. ஸுபுண்டு, எக்ஸ்எஃப்சிஇ திட்டங்களில் பணியாற்றும் ஷான் டேவிஸ் எழுதியது. இடப்பக்கம் மெனுவின் மரம், வலப்பக்கம் பெயர், கட்டளை, படம், வகை என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள். ராஸ்ப்பெரி பை கணினிகளில் இதே வேலையை அலகார்ட்டே என்ற பழைய கருவி செய்கிறது. இரண்டும் கடைசியில் எழுதுவது மேலே சொன்ன அதே கோப்புகளைத்தான். அதனால் கருவி தெரிந்தவரும் கோப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கருவி தடுமாறும் நாளில் கையால் சரிசெய்யலாம்.

எக்ஸ்எஃப்சிஇ-யில் இன்று பெரும்பாலானோர் பார்ப்பது விஸ்கர் மெனு. கிரேம் காட் எழுதிய இந்தப் பேனல் இணைப்பு, பிடித்தவை, அண்மையில் திறந்தவை, தேடல் பெட்டி என்று பழைய மெனுவையும் புதிய தேடலையும் ஒன்றாகத் தருகிறது. ஒரு பெயரின் மேல் வலது க்ளிக் செய்தால் அதைப் பிடித்தவையில் சேர்க்கலாம், பேனலில் வைக்கலாம், திருத்தலாம், ஒளிக்கலாம். ஒளிக்கும் முன், பிறகு வேண்டுமென்றால் எந்தக் கோப்பை நீக்கினால் திரும்பும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. இந்த நேர்மை பாராட்டத்தக்கது. செய்த மாற்றத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று செய்வதற்கு முன்பே சொல்லும் மென்பொருள்கள் குறைவு.

விஸ்கரின் தேடல் செயல்கள் என்ற பகுதி இன்னும் பரவலாகத் தெரிய வேண்டிய ஒன்று. தேடல் பெட்டியில் கேள்விக்குறி போட்டு எதையாவது தட்டினால் இணையத்தில் தேடும். ஆச்சரியக்குறி போட்டு ஒரு கட்டளையைத் தட்டினால் டெர்மினலில் ஓட்டும். ஆச்சரியக்குறியும் டபிள்யூவும் சேர்த்துப் போட்டால் விக்கிப்பீடியாவைத் திறக்கும். திறப்பது ஆங்கில விக்கிப்பீடியா. அமைப்புகளில் போய் அந்த முகவரியின் தொடக்கத்தில் இருக்கும் இஎன் என்ற இரண்டு எழுத்தை டிஏ என்று மாற்றினால், அதன் பிறகு தமிழ் விக்கிப்பீடியா திறக்கும். தமிழில் ஒரு சொல்லைத் தட்டி என்டர் அழுத்தினால் கட்டுரை முன்னால் நிற்கும். அகராதி, நாளிதழ், ரயில் நேரம் என்று முகவரி தெரிந்த எதற்கும் இப்படி ஒரு செயலை எழுதிக்கொள்ளலாம்.

தனி அட்டைகளைத் தாண்டி, தலைப்புகளின் அமைப்பையே மாற்ற வேண்டுமென்றால் இரண்டாவது விதிக்குப் போக வேண்டும். எந்த வகை அட்டை எந்தத் தலைப்பின் கீழ் போக வேண்டும், தலைப்புகள் எந்த வரிசையில் வர வேண்டும், எங்கே கோடு போட வேண்டும் என்பதை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு சொல்கிறது. எக்ஸ்எஃப்சிஇ அப்ளிகேஷன்ஸ் டாட் மெனு என்று அதற்குப் பெயர். இதற்கும் ஹோமில் ஓர் இடம் உண்டு. டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் மெனுஸ் என்ற ஃபோல்டர். பலரும் அமைப்பின் கோப்பை முழுதாக அங்கே பிரதி எடுத்துத் திருத்துகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் பிற்பாடு விநியோகம் தன் கோப்பை மேம்படுத்தினால் அது இவர்களுக்கு வந்து சேராது. மூலக் கோப்பை அப்படியே சேர்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே தன் மாற்றத்தை மட்டும் எழுதுவது நல்ல வழி. விதியில் அதற்கு இடம் இருக்கிறது.

இதே இடத்தில்தான் வைன் பயன்படுத்துபவர்களின் நீண்ட நாள் தலைவலியும் இருக்கிறது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் வைன், ஒவ்வொன்றுக்கும் மெனுவில் இடம் பிடித்துக் கொடுக்கிறது. மென்பொருளை, ஏன் வைனையே நீக்கிய பிறகும்கூட, வெறும் பெயர்கள் மெனுவில் தங்கிவிடுவது உண்டு. காரணம் எளிது. அந்த அட்டைகள் பயனரின் ஹோமில் எழுதப்பட்டவை. நிர்வாகக் கருவி ஹோமைத் தொடாது. ஹோமின் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் வைன் என்ற ஃபோல்டரையும், மெனுஸ் ஃபோல்டருக்குள் அப்ளிகேஷன்ஸ் மெர்ஜ்டு என்ற இடத்தில் வைன் என்று தொடங்கும் கோப்புகளையும் நீக்கினால் அந்தப் பெயர்கள் போய்விடும்.

முற்றிலும் வேறு பாதையில் நடப்பது ஓபன்பாக்ஸ். டானா ஜான்சன்ஸ் எழுதிய இந்தச் சன்னல் மேலாளர் 2002-இல் வந்தது. இதில் மெனுப் பொத்தானே கிடையாது. வெறும் திரையில் எங்கே வேண்டுமானாலும் வலது க்ளிக் செய்தால் மெனு விரியும். சுட்டி இருக்கும் இடத்துக்கு மெனு வருகிறது, மெனு இருக்கும் மூலைக்குச் சுட்டி போக வேண்டியதில்லை. பழகியவர்கள் இதை விடுவதில்லை. அந்த மெனு தானாகக் கட்டப்படுவதில்லை. மெனு டாட் எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். புதிய மென்பொருள் நிறுவினால் தானாகத் தோன்றாது, கையால் ஒரு பத்தி சேர்த்து, ஓபன்பாக்ஸை மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு அடைப்புக்குறி விடுபட்டாலும் கோப்பு செல்லாமல் போகும்.

குறை போலத் தெரியும் இதைத் தேடி வந்தவர்கள் உண்டு. ஃபிலிப் நியூபரோ 2008-இல் தொடங்கிய க்ரஞ்ச்பேங் லினக்ஸ், கறுப்புத் திரை, ஓபன்பாக்ஸ், வலது க்ளிக் மெனு என்று ஒரு தலைமுறையையே கவர்ந்தது. 2015 பிப்ரவரியில் அவர் திட்டத்தை நிறுத்தியபோது, பயனர்களே சேர்ந்து பன்சன்லேப்ஸ் என்று தொடர்ந்தார்கள். அவர்களை ஈர்த்தவற்றில் ஒன்று பைப் மெனு. மெனுவின் ஒரு வரியைத் தொட்டால் பின்னால் ஒரு சின்ன நிரல் ஓடி, அந்த நொடியின் நிலவரத்தை மெனுவாக எழுதித் தரும். இணைக்கப்பட்ட பென்டிரைவ்களின் பட்டியல், கடைசியாகத் திறந்த கோப்புகள், வானிலை, எதுவும் வரலாம்.

பள்ளி ஆய்வகம், நூலகம் போன்ற பொது இடங்களில் பல கணினிகளுக்கு ஒரே மெனு வேண்டுமென்றால் ஒவ்வொரு ஹோமிலும் போய் எழுதத் தேவையில்லை. யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்ற இடம் ஒன்று உண்டு. அங்கே வைக்கும் அட்டை எல்லாப் பயனருக்கும் செல்லும், விநியோகம் புதுப்பிக்கப்படும்போது அழியாது. ஆனால் மெனுவில் ஒளிப்பதைப் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. டெர்மினல் தெரிந்த மாணவருக்கு எதுவும் மறையாது. உண்மையிலேயே தடுக்க வேண்டுமென்றால் அனுமதிகளை மாற்ற வேண்டும், அது வேறு வேலை.

ஹோமில் வைத்த பிரதிகளையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் புதிய பதிப்புக்குப் போகும்போது அதன் கட்டளையோ படமோ மாறினால் அமைப்பின் அட்டை மாறும். பயனரின் அட்டை பழையதாகவே நிற்கும். முன்பு திறந்த ஒன்று திடீரென்று திறக்கவில்லை என்றால் இதுவே காரணமாக இருக்கலாம்.

எளிமைக்கு ஓர் ஆபத்தான பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. எக்ஸெக் வரியில் எந்தக் கட்டளையையும் எழுதலாம். கோப்பு மேலாளரோ கோப்பின் உண்மைப் பெயருக்குப் பதில் நேம் வரியில் உள்ள பெயரையும், ஐகான் வரியில் உள்ள படத்தையும் காட்டும். சென்னை சி-டாக் மையத்தின் உழைப்பில் உருவாகி, இந்திய அரசு அலுவலகங்களில் பயன்படும் பாஸ் லினக்ஸைக் குறிவைத்த தாக்குதல் ஒன்றை இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் விவரித்தார்கள். அலுவலகக் கூட்டத்துக்கான கடிதம் போன்ற பெயருடன், பிடிஎஃப் தோற்றத்தில் மின்னஞ்சலில் வந்த கோப்பு உண்மையில் டாட் டெஸ்க்டாப் கோப்பு. அழுத்தியவருக்குக் கண்முன்னே ஒரு பிடிஎஃப் திறந்தது. பின்னால் உளவு நிரல் இறங்கியது. இப்படி வெளியிலிருந்து வந்த அட்டையை அழுத்தினால் எக்ஸ்எஃப்சிஇ, இது நம்பத்தக்கதல்ல என்று எச்சரித்து நிற்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் சம்மதம் சொல்லக் கூடாது. சந்தேகம் வந்தால் எழுத்துத் திருத்தியில் திறந்து எக்ஸெக் வரியைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இப்போது லினக்ஸ் டெஸ்க்டாப்களுக்கு அடியில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 1980-களிலிருந்து திரையை வரைந்துவந்த எக்ஸ் அமைப்பு விலகி, வேலண்ட் வருகிறது. 2024 டிசம்பரில் வெளியான எக்ஸ்எஃப்சிஇ 4.20 வேலண்டுக்கான முதற்கட்ட ஆதரவைக் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ராஸ்ப்பெரி பை, லேப்டபிள்யூசி என்ற வேலண்ட் மேலாளரைத் தன் இயல்பான தேர்வாக்கியது. அதை எழுதிய யோஹன் மால்ம், ஓபன்பாக்ஸின் மெனு டாட் எக்ஸ்எம்எல் வடிவத்தையே எடுத்துக்கொண்டார். ஓபன்பாக்ஸில் எழுதிய வலது க்ளிக் மெனுவைப் பெரும்பாலும் அப்படியே அங்கே கொண்டுபோகலாம். டாட் டெஸ்க்டாப் அட்டைகளுக்கோ எக்ஸும் வேலண்டும் ஒன்றுதான். க்னோம் 2 காலத்தில் ஒருவர் தன் ஹோமில் எழுதி வைத்த அட்டை, அதில் சொன்ன மென்பொருள் இன்னும் கணினியில் இருக்கும்பட்சத்தில், இன்றைய விஸ்கர் மெனுவிலும் அதே பெயரோடு வந்து நிற்கும்.